பாயசம் அளந்த மத்து

மணவாள பூபதி மன்னர் நாட்டில் எது கெட்டாலும் பொறுத்துக்கொள்வார். பாயசம் கெட்டால் மட்டும் பொறுக்கமாட்டார். இலையில் ஊற்றினால் அது ஓட வேண்டும். ஒரு மாதமாக அரிசிப் பாயசம் விழுந்த இடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"இதை வைத்துக் கோட்டைச் சுவரே எழுப்பலாம், அரசே" என்று தூபம் போட்டார் ஆஸ்தானப் புலவர் சிங்காரக் கவிராயர். தன் மைத்துனனை அரண்மனைச் சமையற்கட்டில் நுழைத்துவிட அவருக்கு நெடுநாள் ஆசை.

மன்னர் கொதித்துப்போனார். "நாளையும் கெட்டியாக இருந்தால் சடையாண்டி குடும்பத்தோடு நாட்டை விட்டே போகட்டும்!"

சமையல்காரர் சடையாண்டி அழுதுகொண்டே இடும்பனிடம் ஓடினார். அரசவையில் குறும்புக்குப் பேர்போனவன் இடும்பன்.

"பதமாத்தான் இறக்குறேன், ஐயா. மருமக வேற மாசமா இருக்கா. அவளைக் கூட்டிட்டு எங்கே போவேன்?"

இடும்பனுக்கு மனசு கேட்கவில்லை. "அழாதீங்க அண்ணே. நாளைக்கு ரெண்டு பானை வச்சிருங்க. ரெண்டாவது அடுப்பிலேயே இருக்கட்டும்" என்றான்.

மறுநாள் விருந்து மண்டபத்துக்கு ஒரு மத்தோடு வந்தான். மத்தின் கம்பில் கயிறு சுற்றியிருந்தது. கயிறு ஒரு கப்பியில் ஏறி இறங்கியது. அதன் நுனியில் ஒரு கல்.

"அரசே, நாக்குக்கு நாக்கு ருசி மாறும். மத்து மாறாது."

தண்ணீரில் வைத்துக் கல்லை விட்டான். மத்து விர்ரென்று சுழன்றது. கல் தொப்பென்று விழுந்தது. தேனில் வைத்தான். மத்து முக்கி முனகித் திரும்பியது. கல் ஆடி அசைந்து இறங்கியது.

"கெட்டி கூடினால் சுற்று குறையும், அவ்வளவுதானே? கொடு, நான் விடுகிறேன்!" என்று மன்னர் கல்லைப் பிடுங்கிக்கொண்டார்.

அடுப்பிலிருந்து முதல் பானை வந்தது. மத்து ஜோராகச் சுழன்றது. சடையாண்டிக்கு மூச்சு வந்தது.

கவிராயர் விடவில்லை. "பரிமாறும்போதல்லவா அளக்க வேண்டும்?"

"ஆகட்டும். அதுவரை பானையை யாரும் தொடக் கூடாது" என்றான் இடும்பன்.

வாழ்த்துப்பா முடியாமல் பரிமாறக் கூடாது என்பது அரண்மனை வழக்கம். போன மாதம் மன்னரின் பிறந்தநாளுக்காகக் கவிராயர் அந்தப் பாட்டை நன்றாக ஊதிப் பெருக்கியிருந்தார். மன்னரின் வாள் வந்தது, குதிரை வந்தது, பட்டத்து யானை வந்தது, யானையின் தாயாரும் வந்தாள். மன்னரின் வயிறு கடமுடா என்றது. ஒருவழியாகப் பாட்டு முடிந்தது.

மறுபடி கல்லை விட்டார்கள். மத்து அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. கல் அந்தரத்தில் தொங்கியது.

"பார்த்தீர்களா! பசை!" என்று துள்ளினார் கவிராயர். சடையாண்டி தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அதே பானை, அதே மத்து, அதே கல், அரசே. நடுவில் நடந்தது வாழ்த்துப்பா ஒன்றுதான். சுடச்சுட வந்த பாயசம் பாட்டு முடிவதற்குள் ஆறி இறுகிவிட்டது" என்றான் இடும்பன்.

"அபாண்டம்! தங்கள் புகழ் நீளமாம், அரசே! இவன் குறை சொல்கிறான்!"

மன்னரின் முகம் கறுத்தது. இடும்பன் பவ்யமாகக் கைகட்டினான்.

"நான் குறை சொல்வேனா? மத்துதான் தப்பாக அளந்திருக்கும். அடுப்பில் இன்னொரு பானை இருக்கிறது. கவிராயர் முதலிலிருந்து இன்னொரு தடவை பாடட்டும். அளந்து பார்த்துவிடுவோம்."

கவிராயர் தொண்டையைக் கனைத்தார்.

"ஐயையோ, வேண்டாம்! மத்து சொன்னதே சரி!" என்று அலறினார் மன்னர். அலறிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். "சடையாண்டி, உன்மேல் குற்றமில்லை. அந்தப் பானையைக் கொண்டு வா. முதல் கரண்டி இடும்பனுக்கு. கவிராயரே, இனி உம் பாட்டு சாப்பாட்டுக்குப் பிறகுதான். இருக்கிறவர்கள் இருந்து கேட்கட்டும்!"