எல்வாரா அம்மையின் நாற்காலி

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரக் கன்னியர் மடம் ஒன்றில் சமையற்கட்டுப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் சலேத்து மரியாளிடம், 1984ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் கேட்ட கதை இது. தம் பயிற்சிக் காலத்தில் ஓர் அயர்லாந்துக் கன்னியர் சொல்லக் கேட்டதாக அவர் கூறினார். பெயர்களை அவர் உச்சரித்தபடியே தந்திருக்கிறேன்.

இங்கிலாந்து ஒரே நாடாவதற்கு முன், சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்த காலம். அதன் கிழக்குக் கடலோரத்தில் ஒரு மேடு இருந்தது. கடல் ஏறினால் அது தீவு. வற்றினால் கரையோடு சேர்ந்துவிடும். அங்கே எல்வாரா என்னும் அரசகுலப் பெண் ஒரு மடம் கட்டினார். கன்னியர் ஒரு கட்டடத்திலும் ஆண் துறவியர் மறு கட்டடத்திலும் வாழ, இரு சாராருக்கும் அவரே தலைவி.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதவைத் தட்டி வருபவர் யாராயினும், முதல் வேளை உணவைத் தலைவியின் நாற்காலியில் அமர்ந்தே உண்பார். தலைவி தரையில் அமர்வார். உண்டு முடிக்கும்வரை வந்தவரை யாரென்று கேட்கவும் கூடாது, தொடவும் கூடாது. சண்டையில் தோற்று ஓடிவந்த ஆர்ட்கார் என்ற இளைஞன்கூட அதில் அமர்ந்து கஞ்சி குடித்தான். துரத்தி வந்தவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. பின்னாளில் அவனே அப்பகுதிக்குப் பிரபுவானான்.

சாகும் தறுவாயில் எல்வாரா, தமக்குப் பின் தலைவியாகவிருந்த ஹெரித்தை அழைத்தார்.

"என்னை மற்றவர்களோடு வரிசையில், என் முறைக்கு வரும் இடத்தில் மண்ணில் வை. யார் கேட்டாலும் தோண்டி எடுக்காதே. எடுத்தால் வருகிறவர்கள் என் எலும்பைத் தேடி வருவார்கள். நீங்களும் அதற்குக் காவல் இருப்பீர்கள். இன்னொன்று, கதவைத் தட்டியவரைத் திருப்பி அனுப்பாதே."

ஹெரித் இரண்டுக்கும் வாக்குக் கொடுத்தாள். அடக்கம் முடிந்த அன்றே, தான் நெய்த வெள்ளைத் துணியால் அந்த நாற்காலியை மூடினாள். "அம்மாவின் இடத்தில் இனி யாரும் உட்கார வேண்டாம்." எல்லாரும் அழுதுகொண்டே சம்மதித்தார்கள். விருந்தினருக்குப் பெஞ்சு வந்தது.

ஆண்டுகள் கழிந்தன. ஒரு விடியலில், கடல் ஏறத் தொடங்கிய நேரத்தில், இடுப்பளவு சேற்றோடு ஒரு பெண் கதவைத் தட்டினாள். ஆர்ட்காரின் திரிகைக் கல்லை விட்டு ஓடிவந்த அடிமை அவள்; பெயர் மோர்வா. அவளுக்குப் பின்னால் வழி மூழ்கியது. அக்கரையில் ஆட்களோடு, குதிரைமேல் இருந்தபடி ஆர்ட்கார் கத்தினான்.

"தலைவி அம்மா! பீடத்தில் புனிதரின் எலும்பு உள்ள மடத்துக்குத்தான் அடைக்கல உரிமை. அரசர் சட்டம்! உங்கள் எல்வாரா வெங்காயப் பாத்தி மாதிரி வரிசையில் அல்லவா கிடக்கிறார்? தண்ணீர் வற்றட்டும், வருகிறேன். ஒன்று புனிதரைக் காட்டுங்கள், இல்லை அவளைக் கொடுங்கள்."

ஹெரித்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவுக்கும் கல்லறைத் தோட்டத்துக்குமாக நடந்தாள். எலும்பை எடுத்தால் ஒரு வாக்குப் போகும், எடுக்காவிட்டால் மற்றது. ஒவ்வொரு முறை எட்டிப் பார்த்தபோதும் சேறு இன்னும் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

துறவி ஹன்வால்டு மண்வெட்டியோடு எதிரே வந்தார். "வாக்குக் கொடுத்தது நீங்கள், அம்மா. நானில்லை. நான் தோண்டுகிறேன்."

"பீடத்தருகே எலும்பை வைக்க இடம் அளந்தீர்களே, அது இன்றைக்கா, சகோதரரே?"

"போன வருஷம்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "அது வேறு விஷயம்."

"வேண்டாம்," என்றாள் ஹெரித். மறுபடி கதவை நோக்கி நடந்தாள். சற்று நேரத்தில் மண் வெட்டும் ஓசை கேட்டது. தடுக்க ஓடினாள். பாதி வழியில், உணவறையிலிருந்து கன்னியரின் கூச்சல் அவளைத் திருப்பியது.

வெள்ளைத் துணி தரையில் கிடந்தது. பகலெல்லாம் அயர்ந்து தூங்கி எழுந்த மோர்வா, மடியில் கஞ்சிக் கிண்ணத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு! அது யார் இடம் தெரியுமா?"

"தெரியாதம்மா. பெஞ்சு முழுக்கத் துணி காயப் போட்டிருந்தது. எனக்குக் கால் நிற்கவில்லை."

ஹெரித்தின் கை அவள் தோளைப் பற்றியது. அதே கணம் சேற்றுக் காலோடு ஆர்ட்கார் வாசலில் வந்து நின்றான். "பெட்டி மேலே வந்துவிட்டது!" என்று தோட்டத்திலிருந்து ஹன்வால்டு குரல் கொடுத்தார்.

எலும்பை எடுக்க மறுத்தவள் ஒருத்தி. எடுத்தவர் ஒருவர். ஒன்றும் அறியாமல் உட்கார்ந்தவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி? தோளைப் பற்றிய அந்தக் கை இனி என்ன செய்ய வேண்டும்?

சிஸ்டர் சொன்ன விடை இது. எல்வாரா அஞ்சியது எலும்புக்குக் காவல் இருப்பார்களே என்று. ஹெரித் எலும்பை மண்ணிலேயே விட்டாள். ஆனால் நாற்காலிக்குக் காவல் இருந்தாள். எல்வாரா உயிரோடிருந்தால் நடந்திருக்கக் கூடியதைச் செய்தவள், யாருக்கும் எந்த வாக்கும் கொடாத மோர்வாதான். அது விளங்கிய நொடியில், எழுப்ப வந்த கை அவளை அழுத்தி உட்கார வைத்தது. "மெதுவாகச் சாப்பிடு" என்று சொல்லி ஹெரித் தரையில் அமர்ந்தாள். ஆர்ட்காருக்கு அந்த நாற்காலியைத் தெரியும். அவன் வாசலைத் தாண்டவில்லை. மோர்வா பருக்கை பருக்கையாக மென்றாள். மாலையில் கடல் ஏறத் தொடங்கியதும் அவன் ஆட்களோடு கரைக்கு ஓட வேண்டியதாயிற்று; மறுபடி வரவில்லை. பெட்டியை ஹன்வால்டே திரும்ப இறக்கி மண் மூடினார்.

பிற இருவரிடம் கேட்ட பாடங்களில் முடிவு வேறு. ஒன்றில் நாற்காலியே இல்லை. பெட்டிக்குள் உடல் வாடாமல் இருக்கக் கண்டு ஆர்ட்கார் மண்டியிடுகிறான். மற்றதில் எல்லாம் இவ்வாறே நடக்கிறது; ஆனால் முந்தின நாளும் பட்டினி கிடந்த மோர்வா, யாரும் எச்சரிப்பதற்குள் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்துவிடுகிறாள்; கிண்ணம் காலியானபோது கடல் இன்னும் ஏறவில்லை, ஆர்ட்கார் வாசலில்தான் நிற்கிறான்.