கோடு வந்து சேரும்வரை

பிறந்த குழந்தைகளுக்கு மூச்சுக்காற்று கொடுக்கும் கருவிக்கு வால்வு செய்கிற பட்டறை அது, கோவைப் பக்கம். அங்கே வயரிங் வேலையிலேயே தலை நரைத்துப்போன நஞ்சப்பன், கணினி கற்க உட்கார்ந்தார். கற்றுக்கொடுத்த பூங்கோதைக்கு அவருடைய மகள் வயது.

நிரல் என்றாலும் எழுத வேண்டியதில்லை. திரையில் பெட்டிகளை வைத்துக் கம்பி இழுத்தால் போதும். திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுற்று வால்வின் காற்றழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும். இன்னொரு சுற்று, அதே நேரத்தில், அதைக் கோடாக வரையும். நடுவில் ஒரு பெட்டி. அளப்பது அதில் போடும், வரைவது அதிலிருந்து எடுக்கும்.

அன்று ஒரு வால்வைச் சோதித்தார். கோடு நேராக வந்தது. ஆனால் காற்று ஓரிடத்தில் விக்கியதுபோல் அவர் காதில் பட்டது.

“டீச்சர், கோடு நல்லாத்தான் இருக்குதுங்க. சத்தந்தான் சரியில்லீங்க.”

“அளந்ததெல்லாம் கோட்டுல வந்துச்சுங்களா, அண்ணா?”

“வந்திருக்கோணுமுங்களே. பெட்டியில போட்டுட்டேதானே இருக்குது.”

பூங்கோதை ஒரு டப்பா இரும்புக் குண்டுகளைக் கொண்டுவந்தாள். டப்பா மூடியை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

“நான் மூடியில வைக்க வைக்க, எடுத்துத் துடைங்க.”

முதல் குண்டை எடுத்துத் துடைத்தார். அவர் நிமிர்வதற்குள் அடுத்ததை வைத்தாள்; உடனே அதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றை வைத்தாள்.

“ஏனுங்க எறியறீங்க? அதை நான் தொடவே இல்லீங்களே!”

அவள் மூடியை எடுத்துவிட்டு, ஒரு துண்டு வயரிங் குழாயை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். மேலே குண்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்தாள். அவை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நின்றன. அவர் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். ஒன்றும் தவறவில்லை.

நஞ்சப்பன் திரைக்குத் திரும்பினார். மூடியைப்போல் ஒரே ஓர் அளவை மட்டும் வைத்திருந்த நடுப் பெட்டியை அழித்துவிட்டு, அங்கே குழாயைப்போல் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் வரிசையை வைத்தார். முதலில் வந்தது முதலில் போகும். கம்பியை இழுத்து முடித்தும் கை அங்கேயே நின்றது.

“எனக்கு வேகம் பத்தலீங்க டீச்சர். கூட உட்கார்ந்தவங்க எல்லாம் எப்பவோ முடிச்சுட்டாங்க. பேசாம வயரிங்குக்கே போயிரட்டுங்களா?”

“அதே வால்வை மாட்டுங்க” என்றாள்.

மாட்டினார். காற்று ஓடி நின்றது. அளந்து முடிந்துவிட்டது. கோடு மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது. நிறுத்தப் போன அவர் கையைப் பூங்கோதை தடுத்தாள்.

இருவரும் காத்திருந்தார்கள்.

நேராக ஊர்ந்துவந்த கோடு சட்டென்று பள்ளத்தில் விழுந்தது. பிறகு மெல்ல ஏறியது.

நஞ்சப்பன் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தார். ஒரு குழந்தைக்கு அது ஒரு மூச்சு. வால்வைக் கழற்றிக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

“இதையத்தான் அந்தப் பழைய நிரல் நல்லதுன்னு சொல்லுச்சுங்களா?”

“அதுக்கு அவசரமுங்க அண்ணா. நீங்க அடுத்த வால்வை எடுங்க.”