சுகந்தினி சொன்ன ‘இல்லை’

கேளுங்கள். இந்தக் கதையில் மூன்று பேர் தமிழ் பேசுகிறார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவருக்கு மட்டும் அது தெரியாது.

சுகந்தினி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குளிர்நாட்டுக்குப் போய் அகதியாக விண்ணப்பித்தவள். விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. கணவன் கேதீஸ்வரன் அந்நாட்டுக் குடிமகன். அவன் வழியாக நான்கு வயது மகள் ஆரபிக்கும் குடியுரிமை உண்டு. அங்கே சட்டம் இப்படி: பிள்ளை தாயிடம் வளர்ந்தால் தாயும் நாட்டில் இருக்கலாம். தகப்பனிடம் வளர்ந்தால் தாய் விமானம் ஏற வேண்டியதுதான்.

அவன் அடிப்பான். பிள்ளையைத் தன்னிடம் விடக் கேட்டுப் போட்ட மனுவில் அதைத்தான் சொல்லியிருந்தாள். சாட்சி கிடையாது. பொலிஸுக்குப் போனால் முதலில் தன்னைத்தான் பிடித்து அனுப்புவார்கள் என்ற பயத்தில் ஒருநாளும் முறையிட்டதில்லை.

விசாரணையன்று நீதிமன்ற நடையில் கேதீஸ்வரன் அவளை உரசிக்கொண்டு நின்றான்.

“என்னடி, வழக்கெல்லாம் போடத் தெரியுதோ? உள்ளுக்க கேப்பினம், இவர் அடிச்சவரோ எண்டு. இல்லை எண்டு சொல்லு. பிள்ளையை உன்னட்டயே விடுறன், சனி ஞாயிறு மட்டும் எனக்கு. சொல்லாட்டி நீ பிளேனில, அவள் என்னோட.”

பக்கத்து வாங்குப் பலகையில் சால்வை போர்த்தி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பெண்ணை இருவருமே கவனிக்கவில்லை.

உள்ளே போனால், மொழிபெயர்ப்பாளராக வந்து உட்கார்ந்தவள் அதே பெண். பெயர் மங்கையற்கரசி. ‘சொன்னதைச் சொன்னபடி சொல்வேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்’ என்று சத்தியம் செய்தாள்.

நீதிபதி கேட்டார்: கணவர் உங்களை அடித்ததுண்டா?

கை எட்டும் தூரத்தில் கேதீஸ்வரன். இல்லை என்றால், சனி ஞாயிறு அவன் வீட்டுக் கதவுக்குள் ஆரபி. ஆனாலும் திங்கட்கிழமை கட்டியணைக்கவாவது தாய் இருப்பாள். விமானம் ஏறிவிட்டால்?

“இல்லை” என்றாள் சுகந்தினி.

மங்கை அதை மொழிபெயர்த்தாள். அத்தோடு நிறுத்தவில்லை. வெளியே கேட்டதையும் நீதிபதியிடம் சொன்னாள். பிறகு சுகந்தினியின் பக்கம் திரும்பினாள். “பிள்ளை, இவர் வெளியில உங்களை வெருட்டினதையும் சொல்லிப்போட்டன்.”

“ஐயோ அக்கா, ஏன் சொன்னனீங்கள்? என்ர பிள்ளை போச்சே!”

அதையும் மங்கை மொழிபெயர்த்தாள்.

கேதீஸ்வரன் துள்ளி எழுந்தான். “இவ சத்தியத்தை மீறிப்போட்டா! இவவின்ர கதை ஒண்டும் எடுபடாது!”

இப்போது சொல்லுங்கள். பிள்ளைக்காகப் பொய் சொன்ன சுகந்தினி, கேட்காத உண்மையைச் சொன்ன மங்கை: இதில் யார் செய்தது சரி?

விடை: மங்கை. சத்தியம் என்னாயிற்று என்பீர்கள். எங்கே மீறினாள்? அந்த ‘இல்லை’ வந்தது சுகந்தினியின் வாயிலிருந்து, சொன்னவன் கேதீஸ்வரன். அதை அவளுடைய பதிலாக மொழிபெயர்த்துவிட்டு வாய்மூடியிருந்தால், அதுவல்லவா பிழையான மொழிபெயர்ப்பு! அடுத்தவளின் பிள்ளையைப் பணயம் வைக்க மங்கை யார் என்றும் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் பணயம் வைத்தாகிவிட்டது, நடையிலேயே, வேறொருவன் கையால். சரி, அப்படியானால் சுகந்தினி செய்தது தப்பா? பெற்ற பிள்ளையோடு இருப்பதற்கு அடித்தவனின் தயவு வேண்டும் என்று ஆக்கிவைத்தவர்களை முதலில் கூண்டில் ஏற்றுங்கள். அவளைப் பிறகு கேட்கலாம்.