முறத்தில் கிடந்த பூச்சிகள்

"இந்த ஆற்று நீரில் இனி நான் சமைக்க மாட்டேன், தாயே."

கோமதிநாயகம் முறத்தைக் கீழே வைத்தார். ரயில்வே உணவகத்தில் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். மடத்துக்குச் சீடராக வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. குருவான சிவகாமி அம்மைக்கு அவருடைய மகள் வயது இருக்கும்.

முறம் நிறைய மண்நிறப் பூச்சிகள். எதையோ பற்றியபடியே அவற்றின் கால்கள் விறைத்திருந்தன.

"காலையில் படித்துறையைக் கழுவப் போனால் கல்லெல்லாம் இவைதான். நீரிலிருந்து ஏறி வந்து செத்திருக்கின்றன. ஆறு நஞ்சாகிவிட்டது. மடத்தை வேறிடம் மாற்றுங்கள். இல்லையென்றால் எனக்கு விடை கொடுங்கள்."

"உம்முடைய வத்தக்குழம்பு அவற்றுக்கும் கிடைத்ததோ?"

"நான் விளையாடவில்லை, தாயே."

அம்மை குனிந்து முறத்தின் மேல் மெல்ல ஊதினார். பூச்சிகள் உமியைப் போல எழும்பி முற்றமெங்கும் சிதறின.

"செத்த உடலுக்கு இவ்வளவுதான் எடையா, நாயகம்?"

அவர் சிதறியவற்றில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இவற்றில் கனமான ஒன்றைக் கொண்டுவாரும். இன்றே மடத்தைக் காலி செய்துவிடலாம்."

கோமதிநாயகம் படித்துறைக்குத் திரும்பினார். கல்லில் மிச்சமிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாமே வெற்றுத் தோல். எல்லாவற்றின் முதுகிலும் ஒரே இடத்தில் ஒரு கீறல். அதற்குள் வெள்ளை நூலிழைகள்.

வெயில் கடைசிப் படியைத் தொட்டபோது நீரிலிருந்து ஒன்று தள்ளாடி ஏறியது. ஈரமாக இருந்தது. கல்லைப் பற்றிக்கொண்டு அசையாமல் நின்றது.

சாகப்போகிறது என்று நினைத்தார். எடுப்பதற்குக் கையை நீட்டினார்.

அதன் முதுகு பிளந்தது.

நீட்டிய கை அப்படியே நின்றது.

முதலில் மார்பு வந்தது. பிறகு தலை, கால்கள். முதுகோடு ஒட்டி, கசங்கிய ஈரத்துணி போல் கிடந்தவை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தன. நான்கு கண்ணாடிச் சிறகுகள்.

அவர் மடத்துக்குத் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது.

"கனமானது கிடைத்ததா?" என்று கேட்டார் அம்மை.

"கிடைத்தது."

"எங்கே?"

"மருதமரத்துக்கு மேலே போய்விட்டது. கறுப்பில் மஞ்சள் வரி போட்ட தட்டான்."

"அப்படியா."

கோமதிநாயகம் முற்றத்தில் கிடந்த ஒரு தோலை எடுத்தார்.

"படியேறும் வரையில் அது எங்கே இருந்தது, தாயே?"

"ஆற்றுமணலுக்குள். வால்நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு."

"வால்நுனி எதற்கு?"

"மூச்சுக்கு. அதன் வழியாகத்தான் நீரை உள்ளே இழுக்கும்."

"எந்த நீரை?"

"எதில் சமைக்க மாட்டேன் என்றீரோ, அந்த நீரை. இரண்டு மழைக்காலமாக."

முற்றத்துக் காற்றில் ஒரு தோல் உருண்டு போயிற்று.

"சரி, மூட்டை கட்டலாமா?" என்றார் அம்மை.

கோமதிநாயகம் அதற்குள் அரிசியை அளந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆற்றில் களைந்துவிட்டு வருகிறேன்," என்றார். "ஏற்கெனவே நேரமாகிவிட்டது."