கரை வரையாத ஏரி

டாக்டர் இளம்பரிதி பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார், பல் பிடுங்குவார். பொழுது சாய்ந்தால் போதும், மனுஷனுக்குக் கைபேசியில் விளையாட்டு செய்கிற பைத்தியம் பிடித்துவிடும். அந்த வித்தையில் அவருக்குக் குரு ரெஜினா. வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவள்தான். அதனாலென்ன, குரு குருதான்.

மகள் நறுமுகை பத்து வயதில் கேட்டாள்: "அப்பா, எனக்கே எனக்குன்னு ஒரு படகு விளையாட்டு செஞ்சு தருவியா?" தருகிறேன் என்றார். இப்போது அவள் மேற்படிப்புக்கு வெளிநாடு கிளம்புகிறாள். நாளைக் காலை விமானம். விளையாட்டோ இன்னும் அப்பாவின் போனைவிட்டு இறங்கின பாடில்லை.

அன்று மாலை ரெஜினாவின் கணினி மையத்துக்கு ஓடினார்.

"குருவே, இது எப்பத்தான் முடியும்?"

"காட்டுங்க டாக்டர்."

போனை வாங்கி ரெஜினா துடுப்புப் போட ஆரம்பித்தாள். அடடா, என்ன ஏரி அது! நிலா தண்ணீரில் உடைந்து உடைந்து சேர்ந்தது. துடுப்பு பட்ட இடமெல்லாம் வெளிச்சம் வட்டம் வட்டமாக விரிந்தது. எங்கிருந்தோ ஒரு மீன் துள்ளியது. தலைக்கு மேலே ஓடிய மின்விசிறிகூட அலைச் சத்தம்தான் போட்டது. இருவரும் பேச்சை மறந்து படகிலேயே போனார்கள்.

"நிலா நல்லா இருக்கு," என்றாள் ரெஜினா.

"போன வருஷம் பூரா அதுலதான் உட்கார்ந்தேன். அதுக்கு முந்தி மீனோட செதில்."

"கரை எங்க?"

"இன்னும் வரையல. அலை சரியா வரட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு..."

ரெஜினா நிறுத்தவில்லை. போகப் போக அலை ஓய்ந்தது. ஏரியின் விளிம்பு வந்தது. அதற்கப்பால் ஒன்றுமே இல்லாத கறுப்பு. படகு தலைகுப்புற அதில் விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது.

"ஐயய்யோ!" பிடித்துவிடுகிறவர் மாதிரி டாக்டர் கையை நீட்டினார்.

ரெஜினா சிரித்துவிட்டாள். "இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவையாவது இதுவரைக்கும் வந்திருக்கீங்களா?"

"இல்ல. எதையாவது மாத்துவேன். நாலு துடுப்புப் போட்டுப் பாப்பேன். நிறுத்திட்டு மறுபடியும் முதல்லேருந்து."

"ஏன்?"

"இதைச் செஞ்சுகிட்டு இருக்கிற வரைக்கும் அவ பத்து வயசாவே என் மடியில உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், குருவே."

ரெஜினா, "இன்னிக்கே பாப்பா போன்ல ஏத்திக் கொடுத்துடுங்க," என்றாள்.

"கரை இல்லாமலா? விளையாடாதீங்க! எனக்கு ஒரு மாசம் கொடுங்க, கரையைப் போட்டு அனுப்பிடறேன்."

"வேண்டாம். இப்படியே கொடுங்க."

"அங்க தெரியாத ஊர்ல, ஒத்தையா ஒரு ரூம்ல உட்கார்ந்து இதை விளையாடுவா. இந்த இடத்துக்கு வருவா. இப்படியே விழுவாளே!" டாக்டர் அந்தக் கறுப்பைக் காட்டினார். "பெத்தவன் தெரிஞ்சே எப்படிக் கொடுப்பேன்?"

ரெஜினா போனைத் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

"விழுந்ததும் அவ யாருக்குப் போன் பண்ணுவா, டாக்டர்?"