துபாஷி வேதகிரியின் நாற்பத்தொரு விருதுகள்

முதலில் தப்புச் செய்தவன் துபாஷி வேதகிரி. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். கதையைக் கேட்டு முடித்தபின் பலர் அவன்மேல் இரக்கப்படுகிறார்கள். எனக்குப் பிடிப்பதில்லை.

நான் சடையப்பன், காரைமேட்டு அரண்மனையின் கட்டியக்காரன். தர்பாருக்குள் யார் நுழைந்தாலும் ராஜா அவருக்குக் கொடுத்த பட்டப்பெயர்களை, அதாவது விருதுகளை, உரக்கச் சொல்வது என் வேலை. அரிச்சுவடியோடு என் படிப்பு முடிந்தது. என் தடிக்கு ஒரு வெள்ளிப் பூண் இருந்தது. இந்த ராஜாவின் பாட்டனார் என் பாட்டனுக்குக் கொடுத்தது.

கலெக்டர் துரையின் கடிதங்களைத் தமிழில் சொல்வதற்காகச் சென்னையிலிருந்து வந்தவன் வேதகிரி. வந்த முதல் நாளே ஒரே சொல்லை வைத்து ராஜா அமுதரங்கரைப் பிடித்துக்கொண்டான்.

"மகாராஜா, இங்கிலீஷில் செட் என்று ஒரு சின்னச் சொல். சூரியன் மறைந்தால் செட். எலிக்குப் பொறி வைத்தால் செட். முறிந்த எலும்பைக் கூட்டிக் கட்டினாலும் செட்."

"எல்லாம் ஒரே சொல்லா?"

"மோதிரத்தில் கல் பதித்தாலும் அதுதான். பாகு இறுகினாலும் அதுதான்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து அவன் புதிதாக ஒரு பொருள் சொன்னால் அவர் ஒரு விருது எழுதிக் கொடுப்பார். பொறி வைத்த புலி. எலும்பு கூட்டிய ஏந்தல். பாகு இறுக்கிய பண்டிதர். நான் சிரிக்கவில்லை. சிரிப்பது என் வேலை அல்ல.

பொருள்கள் தீர்ந்ததும் பிறப்புக்குப் போனான். "இந்தச் சொல்லுக்குத் தாய் இரண்டு, மகாராஜா. ஒன்று வெள்ளைக்காரர்களின் பழைய பேச்சு. அதில் உட்காரவைப்பது என்று பொருள். இன்னொன்று லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவன் பின்னால் போகிற கூட்டம் என்று பொருள்." தாய்க்கு ஒன்றாக மேலும் இரண்டு விருது. ஆக மொத்தம் நாற்பத்தொன்று.

விருதுகளை விஜயதசமி தர்பாரில்தான் முதன்முதலாகச் சொல்வது வழக்கம். அதற்கு எட்டு நாள் முன்பு வேதகிரி ராஜாவிடம் போனான்.

"எழுத்து அறியாத வாயால் என் விருதுகளைச் சொன்னால் எனக்கு அவமானம், மகாராஜா. என் மைத்துனன் சொல்லட்டும்."

அதோடு நிற்கவில்லை. மெருகு போட்டுத் தருகிறேன் என்று என் தடியை வாங்கிக்கொண்டு போனான். தடி திரும்பி வந்தது. பூண் வரவில்லை. மறுநாள் அது அவனுடைய கைத்தடியின் தலையில் மின்னியது.

ராஜா என்னை அழைத்தார். "சடையப்பா, நாற்பத்தொன்றையும் ஒன்று விடாமல் நீயே சொல். ஒன்று குறைந்தாலும் வேலை அவன் மைத்துனனுக்கு."

"உத்தரவு, மகாராஜா. தங்கள் பாட்டனார் வகுத்த முறைப்படிதானே?"

"அதில் என்ன சந்தேகம்?"

பக்கத்தில் நின்ற வேதகிரி மீசைக்குள் சிரித்தான். "முறை தவறாமல் சொல்லட்டும். ஆனால் ஏட்டைப் பார்த்துச் சொல்லக் கூடாது."

ஏடு படித்தவர்களுக்கு இந்த ஒரு விஷயம் புரிவதே இல்லை. ஏடு படிக்காதவனுக்கு நினைவும் கிடையாது என்று நினைக்கிறார்கள். ராஜாவின் பதினான்கு தலைமுறையை நான் மூச்சு விடாமல் சொல்வேன்.

முறை என்ன என்றால் இதுதான். ஒவ்வொரு விருதையும் மூன்று முறை சொல்ல வேண்டும். சொல்லும்போதெல்லாம் விருதுக்காரர் குனிந்து தரையைத் தொட வேண்டும். முடியும்வரை சபையில் யாரும் உட்காரக் கூடாது. விருது கொடுத்த ராஜாவும் நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு இருப்பது ஒரு விருது, மிஞ்சினால் இரண்டு. வெற்றிலை மடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதனால் அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

விஜயதசமி வந்தது. தர்பார் முடிந்ததும் விருந்து. நெய்ச்சோற்று மணம் மண்டபம்வரை வந்தது. வேதகிரி புதுச் சரிகைத் தலைப்பாகையோடு நுழைந்தான். மொட்டைத் தடியைத் தரையில் தட்டினேன்.

"சூரியன் சாயக் கண்டவர்..."

குனிந்தான். குனிந்தான். குனிந்தான்.

ஏழாவது விருதில் தலைப்பாகை கழன்றது. பதினொன்றில் ராஜா வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். அவருக்கு முழங்காலில் வாதம்.

"சடையப்பா, கொஞ்சம் சீக்கிரம்."

"அவசரப்பட்டால் ஒன்று விட்டுப்போகும், மகாராஜா. விட்டால் வேலை போகும்."

"முறையைக் கொஞ்சம் சுருக்கினால் என்ன?"

நான் சுவரிலிருந்த அவருடைய பாட்டனார் படத்தைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். ராஜாவும் பார்த்துவிட்டு நேராக நின்றுகொண்டார்.

பதினாறாவது விருதில் தரையைத் தொட்ட வேதகிரி நிமிரவில்லை.

"வேதகிரி," என்றார் ராஜா. "இந்தச் சொல்லின் பழைய பொருள் என்னவென்று சொன்னாய்?"

"உட்காரவைப்பது, மகாராஜா," என்றான் தரையைப் பார்த்தபடியே.

"அரை மணி நேரமாக நிற்கிறேன்."

"எனக்கு விருதே வேண்டாம், மகாராஜா. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்."

ராஜா தொப்பென்று உட்கார்ந்தார். சபையே உட்கார்ந்தது. முழங்காலைத் தடவிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"உண்மையைச் சொல், சடையப்பா. மீதி இருபத்தைந்தும் உனக்கு நினைவிருந்ததா? இல்லை, பதினாறோடு சரக்குத் தீர்ந்துவிட்டதா?"

"இருக்கிறது, மகாராஜா. சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்," என்று கையை ஆட்டினார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். வேலை எனக்கே என்றார். தோளிலிருந்த சால்வையையும் போர்த்தினார். "இன்னும் என்ன வேண்டும்?"

"என் பூண்."

ராஜா வேதகிரியைப் பார்த்தார். "கைத்தடி வீட்டில் இருக்கிறது, மகாராஜா. நாளைக் காலையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்," என்றான் அவன். விடிந்து பார்த்தால் அவனும் இல்லை, மைத்துனனும் இல்லை, கைத்தடியும் இல்லை. சென்னைக்குப் போய்விட்டார்கள்.

ஒன்பது வருஷம் ஆகிறது. ராஜா வேறு பூண் செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். இன்றும் மொட்டைத் தடிதான். அவனை எங்காவது பார்ப்பவர்கள் சொல்லுங்கள்: நாற்பத்தொன்றும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.