தூண்டில் சொன்ன வேகம்

அந்த நீர்மூழ்கிக் கப்பலில் எதிரிக் கப்பலின் வேகத்தையும் கோணத்தையும் கணிக்க மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். எல்லாருக்கும் சோறு பொங்க மணப்பாட்டுக் கஸ்பார் ஒருவர்தான்.

போர்ப் பயிற்சியின் கடைசி நாள். வெடிமருந்து இல்லாத பயிற்சி டார்பிடோ இரண்டே பாக்கி. அவையும் தவறினால் எல்லாருக்கும் லீவு ரத்து. கேப்டன் ரங்கபாஷ்யம் பெரிஸ்கோப்பில் பார்த்தார். இலக்குக் கப்பலின் முகப்பில், விரைந்து ஓடும் கப்பல் தண்ணீரைக் கிழிப்பதுபோல் வெள்ளை நுரை தெரிந்தது.

"பதினெட்டு நாட் வேகம். முன்னால தள்ளிக் குறி வைங்க."

டார்பிடோ வெறுங்கடலில் போனது. டீ கொண்டுவந்த கஸ்பாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கரண்டி பிடிக்கிறவனுக்கு என்ன சிரிப்பு? நீ சொல்லு பார்ப்போம். தப்பினா எல்லார் லீவும் உன்னாலதான் போச்சுன்னு எழுதிடுவேன்."

கஸ்பார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெரிஸ்கோப்பில் பார்த்தார். "கோணம் நீங்க சொன்னதுதான் சார், பக்கவாட்டுல நிக்குது. வேகம் பூஜ்யம். கப்பல் மேலயே குறி வைங்க."

வைத்தார்கள். டார்பிடோ தன் வயிற்றுக்கு அடியிலேயே போனதாக இலக்குக் கப்பல் ரேடியோவில் ஒப்புக்கொண்டது; பயிற்சியில் அது பட்டதாகக் கணக்கு. முகப்பில் தெரிந்த நுரை, ஏமாற்றப் பூசிய வெறும் பெயிண்டாம்.

"எப்படிடா தெரிஞ்சது?"

"பின்பக்கம் அவங்க சமையக்காரன் தூண்டில் போட்டிருந்தான் சார். ஓடுற கப்பல்னா தூண்டில் நரம்பு பின்னால இழுத்துக்கிட்டுப் போகும். அது நேரா தொங்குச்சு."

"என் கண்ணுக்கு ஏன் படல?"

"நீங்க முகப்பையே பாத்தீங்க சார். சமையக்காரனைப் பின்பக்கம்தானே நிறுத்துறீங்க."